கேப், ராஞ்ச், ஸ்பிளிட், கலோனியல்: அம்மாவின் முழங்காலுக்கு எந்த வீடு?

கதவைத் திறந்தோம், ஆனால் வீட்டுக்குள் போனோம் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன மேடையில் நின்றோம். மேலே போக ஏழு படி, கீழே போக ஏழு படி. செருப்பைக் கழற்றக்கூட இடமில்லாமல் நான்கு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றபோது, கோவில்பட்டியிலிருந்து வாட்ஸாப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “ஏய்யா, வீடு எங்க? படியத்தான காட்டுத?”

எட்டு மாதமாக மத்திய நியூ ஜெர்சியில் வீடு தேடுகிறோம். நானும் மனைவியும், பதினொன்றும் எட்டும் ஆன இரண்டு பிள்ளைகள், வருடத்தில் ஐந்தாறு மாதம் வந்து தங்கும் அம்மா. போன வருடம் அம்மாவுக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இன்னொரு காலுக்கு டாக்டர் தேதி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ரியல்டர்கள், அதாவது வீட்டுத் தரகர்கள், எந்த வீட்டையும் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவார்கள். கேப், ராஞ்ச், ஸ்பிளிட், கலோனியல். சட்டை அளவு மாதிரி. நானும் முதலில் கூரையின் வடிவத்துக்கு வைத்த பெயர்கள் என்றுதான் நினைத்தேன். முப்பது வீடு ஏறி இறங்கிய பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், வீட்டில் யார் யார் இருப்பார்கள், யார் எங்கே தூங்குவார்கள் என்று ஒரு காலத்து ஆட்கள் போட்ட கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் பாட்டிக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதைத்தான் நாங்கள் பார்க்கவேண்டியிருந்தது.

நம் ஆட்களிடம் யோசனை கேட்டால் பதில் ஒன்றுதான்: கலோனியல் வாங்கு. நடுவில் வாசல்கதவு, இரண்டு பக்கமும் அளவெடுத்து வைத்த ஜன்னல்கள். உள்ளே நுழைந்ததும் நேரே மாடிப்படி. ஒரு பக்கம் லிவிங் ரூம், மறுபக்கம் டைனிங் ரூம், பின்னால் சமையலறையும் ஃபேமிலி ரூமும். படுக்கையறை நான்கும் மாடியில்.

பெயரைப் பார்த்து இதைக் காலனி ஆட்சிக்கால வீடு என்று நினைத்துவிடவேண்டாம். நாங்கள் பார்த்ததிலேயே பழைய கலோனியல் 1968-ல் கட்டியது. 1876-ல் பிலடெல்பியாவில் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது, பழைய நியூ இங்கிலாந்து அடுப்படி ஒன்றை ராட்டையோடு அப்படியே அமைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்திலிருந்துதான் மூதாதையர் வீட்டின்மேல் மோகம் வளர்ந்தது. 1926-லிருந்து ராக்ஃபெல்லர் பணத்தில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் ஊரையே பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திருப்பிக் கட்டினார்கள். இதற்கு நடுவில்தான் இத்தாலியரும் யூதரும் போலந்துக்காரரும் கப்பல் கப்பலாக நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். ‘நாங்கள் முதலில் வந்தவர்கள்’ என்று வாயால் சொல்லாமல் வாசலால் சொல்லிக்கொள்ள இந்தப் பாணி தோதாக இருந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 1924-ல் வந்த சட்டம் ஆசியர்களுக்குக் குடியேற்றக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. 1965-ல்தான் திறந்தது. இன்று எடிசனிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும் கலோனியல் ஓபன் ஹவுஸ் (விற்கும் வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டும் நாள்) என்றால் வாசலில் கிடக்கும் செருப்பில் பாதி நம்முடையது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆனால் உள்ளே குடியிருப்பவர்களைப் பாருங்கள். நண்பர் ஒருவர் வீட்டு லிவிங் ரூமில் பத்து வருடமாகப் புதுக்கருக்கு கலையாத சோபா இருக்கிறது. அதில் உட்கார்ந்த ஆள் கிடையாது. வாசல்கதவை நவராத்திரிக் கொலுவுக்குத் திறப்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் கராஜ் வழியாகத்தான் போக்குவரத்து. குளிர்கோட்டு மாட்டும் அலமாரி பூஜையறை ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அவருடைய மாமியார் வந்தபோது கீழே இருந்த ஸ்டடி ரூமில் கட்டில் போட்டார்கள். கீழ்த்தளத்தில் இருப்பதோ கழிப்பறையும் கைகழுவும் பேசினும் மட்டும். குளிக்க, தினமும் காலையில் பதினான்கு படி. அந்த அம்மாள் ஒருநாள்விட்டு ஒருநாள் குளிக்கத் தொடங்கினார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை.

2000-க்குப் பிறகு கட்டிய பெரிய கலோனியல்களில் கீழேயே ஒரு படுக்கையறையும் முழுக் குளியலறையும் வைத்தது உண்டு. அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் தனிவீட்டின் சராசரி அளவு 1973-ல் சுமார் 1,660 சதுர அடி, 2015-ல் ஏறத்தாழ 2,690. அந்த ஆயிரம் சதுர அடிக்குள்தான் அந்தக் கீழ் அறையும் வருகிறது. கூடவே இரண்டு மாடி உயர வெற்று முகப்புக்கூடமும் வருகிறது. ஜனவரி மாதம் அந்த வெற்றிடத்தைச் சூடாக்கும் செலவும், நாட்டிலேயே அதிகமான நியூ ஜெர்சி பிராபர்டி டாக்ஸும் சேர்ந்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கையில் பணம் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். மேற்கொண்டு படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஸ்பிளிட் லெவல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1950, 60களில் டிவி வீட்டுக்குள் வந்து குடியேறியபோது எழுந்த வடிவம் இது. சத்தம் கீழே, சாப்பாடு நடுவில், தூக்கம் மேலே என்று வீட்டை அரைஅரை மாடியாக வெட்டிவைத்தார்கள். மேட்டுநிலத்துக்கும் சின்ன மனைக்கும் பொருந்தும். அம்மா படியை மட்டும் பார்த்த அந்த பை-லெவல் இதன் ஒன்றுவிட்ட தங்கை. ஒரே பரப்புக்கு கலோனியலைவிட விலை குறைவாகவே எங்களுக்குக் கிடைத்தது. கீழே தனி அறையும் பாத்ரூமும் உண்டு. பெரிய பிள்ளைகள் இருந்தால் தங்கமான வீடு. ஆனால் காபி குடிக்க ஏழு படி, துணி துவைக்க ஏழு படி, படுக்க ஏழு படி. எங்கள் பட்டியலிலிருந்து முதலில் அடித்தது இதைத்தான்.

அப்புறம் ராஞ்ச். அம்மாவுக்கு வீடியோவிலேயே பிடித்துப்போனது. தரையோடு தரையாக நீண்டு கிடக்கும் ஒற்றைத்தள வீடு, தாழ்ந்த கூரை, ஒட்டினாற்போல கராஜ். கலிபோர்னியாவின் ஸ்பானிஷ்காலத்துப் பண்ணைவீடுகளைப் பார்த்து 1930களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் கிளிஃப் மே என்பவர் இந்தப் பாணியில் கட்டத் தொடங்கினார். முறைப்படி கட்டடக்கலை படித்தவர் இல்லை. இருபது வருடத்தில் நாடு முழுவதும் பரவிவிட்டது. எவ்வளவு தூரம் என்றால், 1959-ல் மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி வைத்தபோது, ‘எங்கள் ஊர்த் தொழிலாளி வாங்கக்கூடிய வீடு’ என்று 14,000 டாலர் ராஞ்ச் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கூட்டம் பார்த்துப் போவதற்காக நடுவில் பிளந்து வழிவிட்டிருந்த வீடு. அந்த வீட்டுச் சமையலறைக்கு முன்னால் நின்றுதான் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் துணி துவைக்கும் மெஷினை வைத்து வாக்குவாதம் செய்தார்கள்.

ராஞ்ச் வந்தபோது சத்தமில்லாமல் ஒன்று போனது: முன்திண்ணை. 1920கள்வரை கட்டிய சின்ன வீடுகளில் தெருவைப் பார்த்து ஒரு போர்ச் இருக்கும். மெட்டுச்சன் போன்ற பழைய ரயிலடி ஊர்களில் இன்னும் பார்க்கலாம். அவற்றுக்குப் பெயர் பங்களோ. நம் பங்களாதான், வங்காளத்துக் குடிசையின் பெயர் வெள்ளைக்காரன் வாயில் ஏறி, கப்பலேறி, கலிபோர்னியாவில் இறங்கியது. நமக்கு பங்களா என்றால் கேட்டும் காவல்காரரும், இவர்களுக்கோ கூலிக்காரர்கூட வாங்கக்கூடிய சின்ன வீடு. சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை கேட்டலாக்கிலேயே வீடு விற்றது. மரச்சட்டம், ஆணி, கதவுப்பிடி எல்லாம் எண் போட்டு ரயிலில் வரும், நாமே பூட்டிக்கொள்ளவேண்டியது. பங்களோ மோகத்தைப் பத்திரிகை நடத்திப் பரப்பிய கஸ்டாவ் ஸ்டிக்லியின் மரவீடு இதோ பக்கத்தில் பார்சிப்பனியில் மியூசியமாக நிற்கிறது. இவ்வளவு ஆசையாகச் சொல்கிறேனே தவிர, பங்களோவை நாங்கள் வாங்க முயலவில்லை. சுவருக்குள் நூறு வருடத்துப் பழைய வயரிங் இருந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதே பாடு.

சரி, ராஞ்சுக்கு வருவோம். ஏசியும் காரும் டிவியும் வந்த பிறகு தெருவைப் பார்த்து உட்கார யாருக்கும் நேரமில்லை. வாழ்க்கை கொல்லைப்புறம் போய்விட்டது. 1949-ல் லெவிட் என்ற வீடு கட்டும் கம்பெனி நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 7,990 டாலருக்கு விற்ற ராஞ்சில், சமையலறை தெருப்பக்கம், வரவேற்பறை பின்பக்கம், தோட்டத்தைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சுவர். மேற்கே கலிபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் என்ற பில்டர் இன்னும் ஒருபடி போனார். அவர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கட்டிய பல வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. சன்னிவேலில் உறவினர் ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார். மழை பெய்தால் வீட்டுக்கு நடுவில் பெய்யும். நியூ ஜெர்சிப் பனியில் அப்படிக் கட்டினால் முற்றத்தில் மண்வெட்டியோடு நிற்கவேண்டியதுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஏன் வாங்கவில்லை? இரண்டு தடவை முயன்றோம், இரண்டிலும் தோற்றோம். ராஞ்சுக்கு இரண்டு பக்கமும் போட்டி. பிள்ளைகள் போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு மாடிப்படி வேண்டாம் என்று வரும் முதியவர்கள் ஒரு பக்கம். மனைக்காக வாங்கி, இடித்து, கலோனியல் எழுப்பும் பில்டர் மறுபக்கம். அவர் ரொக்கம் தருவார், இன்ஸ்பெக்‌ஷனும் கேட்கமாட்டார். இது ஒன்று. இன்னொன்று, ராஞ்சின் மூன்று படுக்கையறையும் ஒரே ஒடுக்கமான நடையில் வரிசையாக நிற்கும். காலை ஆறு மணிக்கு என் மனைவி பெங்களூருடன் மீட்டிங்கில் பேசுவது எல்லா அறையிலும் கேட்கும். நாங்கள் பார்த்த ஒரு ராஞ்சில் பாத்ரூம் கதவை டேப் வைத்து அளந்தேன், 24 அங்குலம். அம்மாவின் வாக்கர் 25. ஒற்றைத்தளம் என்பதாலேயே வயதானவர்களை நினைத்துக் கட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முப்பது வயது அப்பாவையும் அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் நினைத்துக் கட்டியது அது.

இந்த இடத்தில் இந்த ஊர்ச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் வேலையாகச் சுவரைத் தட்டிப் பார்த்து “என்ன, அட்டையா?” என்பார்கள். அட்டைதான். 1830களில் சிகாகோவில் பரவத் தொடங்கிய முறை: கனமான தூலங்களுக்குப் பதிலாக, மரமில்லில் அறுத்த மெல்லிய சட்டங்களை நெருக்கி நிறுத்தி மெஷின் ஆணியால் அடித்துவிடுவது. பலூன் என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. அந்த முறை மாறிமாறி இன்றும் மரச்சட்டமும் ஷீட்ராக் என்னும் ஜிப்சம் அட்டையும்தான். இதில் ஒரு சௌகரியம்: சுமை தாங்காத சுவரை ஒரு வாரக்கடைசியில் எடுத்துவிடலாம், கதவை அகலப்படுத்தலாம். படிக்கட்டை நகர்த்துவதும் கீழே புதிதாக ஒரு குளியலறைக்குக் குழாய் இழுப்பதும்தான் பணத்தைத் தின்னும். அதனால்தான் வீடு பார்க்கப் போனால் பெயின்ட்டையும் கிரானைட்டையும் விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் பார்க்கப் பழகினோம்.

அப்படிப் பார்க்கும்போதுதான் யாரும் சிபாரிசு செய்யாத கேப் கண்ணில் பட்டது. கேப் காட் என்பதன் சுருக்கம். மாசசூசெட்ஸ் கடலோரத்தில் பதினேழாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கடல்காற்றுக்குப் பயந்து குட்டையாக, செங்குத்தான கூரையோடு, நடுவில் புகைபோக்கி வைத்துக் கட்டிய வீடு. 1800-ல் அந்தப் பக்கம் போய்வந்த யேல் கல்லூரித் தலைவர் டிமதி டுவைட் வைத்த பெயர் இது. எனக்குப் பிடித்தது அதன் வளரும் விதம். முதலில் கதவும் அதன் ஒரு பக்கம் இரண்டு ஜன்னலும் மட்டும். அதை அரைவீடு என்பார்கள். கொஞ்சம் வசதி வந்தால் கதவின் மறுபக்கம் ஒரு ஜன்னல் கூடும், முக்கால்வீடு. இன்னொன்றும் கூடினால் முழுவீடு. குடும்பம் பெருகப் பெருக வீடும் பெருகும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்ட வடிவம்.

1947-ல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயலில் லெவிட் கம்பெனி கட்டத் தொடங்கியதும் இதையேதான். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 750 சதுர அடி. கீழே இரண்டு படுக்கையறை, ஒரு பாத்ரூம். மேலே வெறும் அட்டிக், ‘உன் கையில் காசு வரும்போது நீயே முடித்துக்கொள்’ என்று படிக்கட்டு மட்டும் போட்டுவிட்டிருந்தது. வேலையை 27 கட்டமாகப் பிரித்து, வண்டித் தொழிற்சாலை மாதிரி, உச்சத்தில் ஒரே நாளில் முப்பது வீடுவரை முடித்தார்கள். 1951-க்குள் 17,000-க்கும் மேல். வேலி போடக்கூடாது, சனி ஞாயிறு வெளியே துணி காயப்போடக்கூடாது என்றெல்லாம் விதி வைத்திருந்தார்கள். கறுப்பர்கள் குடியிருக்கக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அரசாங்க அடமானக் காப்பீடும் அந்தப் பாகுபாட்டுக்குத் துணைபோனது. அதே கம்பெனி 1958-ல் நியூ ஜெர்சியின் வில்லிங்பரோவில் கேப், ராஞ்ச், கலோனியல் மூன்றையும் ஒரே தெருவில் கலந்து கட்டி விற்றது. அங்கேயும் கறுப்பர்களுக்கு விற்க மறுத்தது. 1960-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்ற பிறகுதான் வழி திறந்தது. ஏஜென்ட் ‘அமைதியான பழைய ஏரியா’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எப்படி அந்த அமைதி வந்தது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

நாங்கள் பார்த்த கேப் 1953-ல் கட்டியது, லெவிட் வீடு இல்லை. வாசலில் இரண்டே படி. கீழே இரண்டு படுக்கையறை, முழு பாத்ரூம். முன்னால் இருந்த யாரோ மேலே டார்மர் (சரிவுக் கூரையிலிருந்து ஜன்னலோடு எழும் பகுதி) எழுப்பி, இரண்டு அறையும் இன்னொரு பாத்ரூமும் முடித்துவைத்திருந்தார்கள். குறைகளும் சொல்லிவிடுகிறேன். மாடி அறையின் ஓரத்தில் கூரை சரிவதால் நான் நிமிர்ந்தால் தலை இடிக்கும். முதல் நாளே இடித்துக்கொண்டேன். ஆகஸ்டில் மேலே அடுப்பு மாதிரி இருக்கும். பேஸ்மென்ட்டில் ஈரவாடை. கராஜ் ஒரு காருக்குத்தான், அதுவும் நம் பெரிய வண்டி உள்ளே போனால் கதவைத் திறந்து இறங்க முடியாது.

சமையலறை சின்னது, சுவரால் மூடியது. ஏஜென்ட் உடனே, “இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஓபன் கான்செப்ட் ஆகிவிடும்” என்றார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்ட்டில் சமையலறையும் ஹாலும் ஒன்று. அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது, உறிஞ்சி முகத்திலேயே திருப்பி ஊதும். மிளகாய்வற்றல் தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும், மகன் துண்டை வீசிக்கொண்டு அதன் கீழே ஓடுவான். மீன்குழம்பு வைத்த மறுநாள் பிள்ளைகளின் ஸ்கூல் கோட்டிலும் மீன்குழம்பு. அந்தச் சுவரை நாங்கள் எடுக்கப்போவதில்லை. வெளிச்சுவரில் ஓட்டை போட்டு நல்ல ஹூட் வைப்பதுதான் முதல் வேலை.

ஆக, எங்கள் ஓட்டு கேப்புக்கு. அம்மா கீழே, பிள்ளைகள் மேலே. அம்மா ஊரில் இருக்கும் ஆறு மாதம் அந்த அறை மனைவியின் பெங்களூர் மீட்டிங்குக்கு. இதையே எல்லோருக்கும் சொல்லமாட்டேன். பெற்றோர் வந்து தங்குவதில்லை, பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் ஸ்பிளிட். இன்னும் பத்து வருடத்தில் நாமே முழங்காலைப் பிடித்துக்கொள்வோம் என்று தெரிந்தால், எத்தனை தடவை தோற்றாலும் ராஞ்சுக்கே முட்டலாம். மறுவிற்பனைதான் முக்கியம் என்றால் கலோனியல், அதுவும் கிழக்குப் பார்த்ததாக இருந்தால் பேச்சே இல்லை. எங்கள் கேப் வடமேற்கு பார்க்கிறது. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள், வக்கீல்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கும் அட்டர்னி ரிவ்யூவும் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது ஆயில் டேங்க். இந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ஹீட்டிங் எண்ணெய்க்காகத் தோட்டத்தில் இரும்பு டேங்கைப் புதைத்துவிட்டு, பிறகு கேஸுக்கு மாறியபோது அதை அப்படியே மறந்துவிட்டார்கள். துருப்பிடித்துக் கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டி அள்ளும் செலவு வாங்கியவர் தலையில் விழும். வியாழக்கிழமை காலை ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு வந்து தோட்டம் முழுக்க நடந்து பார்க்கப்போகிறார். ஏதாவது பீப் அடித்தால், ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓபன் ஹவுஸ்தான்.